கொழும்புக்குச் சும்மா போனவர்கள்

ஜெயவேல் எஞ்சின் டிரைவர்தான். ஆனால் அவன் ஓட்டிய எஞ்சின் எந்த ஊருக்கும் போனதில்லை. ராயபுரம் யார்டிலிருந்து வேகன்களைத் தள்ளிக்கொண்டு துறைமுகத்துக்குள் போகும். அங்கே கப்பலிலிருந்து இறங்கிய சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். கல்யாணம் ஆன நாள் முதல் இதே வேலை. "எம் புருஷன் ரயிலு ஓட்றாரு" என்று பவுனம்மாள் யாரிடமாவது பெருமையாகச் சொன்னால், "எந்தூருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

பவுனம்மாளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா நீலமேகமும் மூன்று அண்ணன்மார்களும் தினமும் விடியலில் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போவார்கள். அவள் கரையில் கூடையோடு நிற்பாள். பெண்கள் மரத்தில் கால் வைக்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். கடல் என்றால் அவளுக்குக் கரையில் வந்து மோதுகிற அலை மட்டும்தான். அந்த அலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அண்ணன்களைக் கேட்டால், "தண்ணிதான், வேற இன்னா?" என்பார்கள்.

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு எங்காவது போய்வர பாஸ் உண்டு. முன்பெல்லாம் ஜெயவேல் அதில் திருப்பதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வருவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் மூன்று பிள்ளைகளின் மொட்டையும் முடிந்துவிட்டிருந்தது. மூத்தவள் மங்கைக்கு ஏழு வயது, தேசப்பனுக்கு ஐந்து, கடைக்குட்டி பூவம்மாவுக்கு இரண்டு.

"இந்த வாட்டி எங்க போலாம், பவுனு?" என்று கேட்டான் ஜெயவேல். சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"கொழும்புக்கு."

அவன் கை நின்றது. "கொழும்புக்கா? நடுவுல கடலு கீதே?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

இந்த யோசனை அவளுக்கு வந்தது கமாலுதீன் மூலமாக. ஜெயவேலின் எஞ்சினில் கரி தள்ளுகிறவன் கமாலுதீன். அவனுடைய அண்ணனுக்குக் கொழும்பில் டீக்கடை இருந்தது. எழும்பூரில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னார், அங்கிருந்து இன்னொரு ரயில் என்று அவன் ஒருநாள் வழியெல்லாம் சொல்லியிருந்தான். "அண்ணன் கடைக்கு மேல ஒரு ரூமு சும்மாத்தான் கீது. போனா அங்கியே தங்கிக்கலாம்" என்றும் சொல்லிவைத்திருந்தான்.

ஜெயவேலுக்குப் பயம் கடலைப் பற்றியது. அவனும் அதே குப்பத்தில் பிறந்தவன்தான். சின்ன வயதில் அவனுடைய அப்பா மூன்று தடவை கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்தார். மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். "இவன் தரைக்குத்தான் லாயக்கு" என்று அவர் கையோடு கூட்டிக்கொண்டுபோய் ரயில்வேயில் கரி அள்ள விட்டார். அப்படித்தான் அவன் டிரைவர் ஆனான். இது பவுனம்மாளுக்கும் தெரியும்.

"கப்பலு இன்னா கட்டுமரமா, ஆடறதுக்கு? மாடி வூடு மாதிரி கீதாம்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு தபா மாமா. தண்ணி நடுவுல நின்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஜெயவேல் மறுநாளே பாஸுக்கு எழுதிக்கொடுத்தான்.

செய்தி தெருவில் பரவியது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு கெங்கம்மா.

"கொழும்புல யாருடி செத்துட்டாங்க?"

"யாரும் சாவலக்கா."

"அப்ப கல்யாணமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா, சுத்திப் பாக்க."

கெங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா எவனாச்சும் கடலத் தாண்டிப் போவானா? மெய்யச் சொல்லு."

அன்று சாயங்காலத்துக்குள் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஜெயவேலுக்கு வேலை போய்விட்டது, குடும்பமே தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. இது காசிமேடு வரை போய்ச் சேர்ந்தது. நீலமேகம் வலை பின்னிக்கொண்டிருந்தவர், கையில் வலை ஊசியோடே ஓடி வந்தார்.

"வேல பூட்ச்சா மாப்ள? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? குப்பத்துல இன்னா சோறா இல்ல?"

ஜெயவேல் பாஸை எடுத்துக் காட்டினான். போகவும் வரவும் இரண்டுக்கும் பாஸ் இருந்தது. நீலமேகத்துக்குப் படிக்கத் தெரியாது. மங்கை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்ன பிறகு அவர் கோபம் சிரிப்பாக மாறியது. பெண்ணை ஒருமுறை, மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார்.

"நீ கப்பல்ல ஏறப்போற?" என்றார் ஜெயவேலிடம். "வயித்துல ஒண்ணும் போட்டுக்காம ஏறு, ராஜா."

கிறிஸ்துமஸ் லீவில் கிளம்பினார்கள். ரயிலில் ஜெயவேலுக்கு உட்காரவே முடியவில்லை. வேறொருவன் ஓட்டுகிற ரயிலில் உட்கார்ந்து போவது அவனுக்குப் புதிது. ஒவ்வொரு ஜங்ஷனிலும் இறங்கி எஞ்சின் வரை ஓடிப் பார்த்துவிட்டு, விசில் ஊதும்போது ஓடி வந்து ஏறினான். "வுட்டுட்டுப் போவப்போவுது" என்று பவுனம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவாள். பிள்ளைகளின் முகமெல்லாம் கரித்தூள். விழுப்புரம் வருவதற்குள் முறுக்கு டப்பா காலி.

மறுநாள் மண்டபம் ஸ்டேஷனில் டாக்டர் பரிசோதனை. கடல் தாண்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே இறங்கி நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எல்லாரையும் கேட்பது போலவே இவர்களையும் கேட்டார்.

"எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்ல சார். கொழும்பு."

"அங்க என்ன வேலை?"

"வேல ஒண்ணும் இல்ல சார். பசங்களுக்குக் காட்டலாம்னு."

"என்னத்தைக் காட்ட?"

என்னத்தைக் காட்ட என்று ஜெயவேலும் யோசித்திருக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. டாக்டர் வந்தார். கண்ணாடி போட்ட வயதான மனிதர்.

"பெட்டியைத் திற" என்றார்.

பவுனம்மாள் தகரப்பெட்டியைத் திறந்தாள். மேலே பிள்ளைகளின் பொங்கல் சட்டைகள். அடியில் அவளுடைய கல்யாணப் புடவை, ஒரு ரப்பர் பந்து, நீலமேகம் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். டாக்டர் குனிந்து எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தார்.

"சட்டி பானை எங்கே? பாய்?"

"எடுத்தார்லீங்க. இன்னாத்துக்கு? அஞ்சாறு நாள்ல வந்துருவோம்" என்றாள் பவுனம்மாள்.

டாக்டர் நிமிர்ந்து குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். "குடும்பம் நடத்தப் போறவன் பானை இல்லாமப் போவானா? பந்தை எடுத்துக்கிட்டுப் போறான்யா. இவங்க விளையாடத்தான் போறாங்க." தேசப்பனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கன்னத்தில் தட்டினார். "போயிட்டு வாங்க. கருவாட்டை மட்டும் நல்லாக் கட்டி வையுங்க."

பாம்பன் பாலத்தில் ரயில் மெல்ல ஊர்ந்தது. இருபக்கமும் தண்ணீர். "நைனா, ரயிலு நீந்துதா?" என்று தேசப்பன் கேட்டான். ஜெயவேல் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தனுஷ்கோடியில் காற்று மணலை வாரி அடித்தது. கப்பல்துறையை ஒட்டிக் கப்பல் நின்றது. வெள்ளையாக, புகைபோக்கியோடு, பவுனம்மாள் சொன்ன மாதிரியே மாடி வீடு போலத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜெயவேலுக்குத் தைரியம் வந்துவிட்டது. மாமனார் சொன்னதை மறந்து, ஸ்டேஷனில் விற்ற வறுத்த மீனை வாங்கி ஒரு கை பார்த்தான்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மார்கழிக் காற்றுக்குக் கடல் புரண்டுகொண்டிருந்தது. மாடி வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிதானமாக மறுபக்கம் சாய்ந்தது. ஜெயவேல் எழுந்து கம்பியருகே போனான். வறுத்த மீன் கடலுக்கே திரும்பிப் போனது. பிறகு வந்து தகரப்பெட்டியில் தலைவைத்துப் படுத்துவிட்டான்.

பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெண் முடிச்சை அவிழ்த்து உப்பில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "வாயில அடக்கிக்கிடச் சொல்லுக்கா." அவள் பெயர் செல்லக்கனி. ராமநாதபுரத்துப் பக்கம். அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள்.

"நீங்க எந்தத் தோட்டத்துக்குப் போறீக?"

"தோட்டம் இல்லமா. சும்மா பாத்துட்டு வரப் போறோம்."

செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை. கேட்டதை நம்ப முடியாத சந்தோஷம் அதில் இருந்தது. "சும்மாவா? பாத்துட்டுத் திரும்பி வந்துருவீகளா?"

"வந்துருவோம்."

"நான் மூணு தரம் இந்தக் கப்பல்ல போயி வந்துட்டேன். ஒருதரம்கூட எந்திரிச்சுக் கடலப் பாத்ததில்ல. மூட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுகையும் கண்ணீருமா உக்காந்துருப்பேன்."

பவுனம்மாள் பூவம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "எந்திரி" என்றாள். "மூட்டய எம்பொண்ணு பாத்துக்குவா. வா."

இரண்டு பேரும் கம்பியருகே போய் நின்றார்கள்.

கரை மறைந்துவிட்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். கரையிலிருந்து பார்க்கும்போது கடலுக்கு ஒரு முன்பக்கம்தான் இருக்கும். இங்கே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கரையில் நுரைத்து உடைகிற அலை இங்கே உடையாமல் கரும்பச்சையாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளி மாதிரி ஏதோ சிதறியது. கோலா மீன்கள், கூட்டமாகத் தண்ணீரை விட்டு எழும்பிப் பறந்து மறுபடி விழுந்தன. அவளுடைய கூடையில் எத்தனையோ முறை செத்துக் கிடந்த மீன். அது பறக்கும் என்று அண்ணன்கள் சொன்னபோது அவள் நம்பியதில்லை.

"ஏய், பறக்குதுடி! மெய்யாலுமே பறக்குது!" என்று கத்தினாள். செல்லக்கனியும் சேர்ந்து கத்தினாள். பூவம்மா கை தட்டினாள். ஒரு பெரிய சாரல் எழும்பி மூன்று பேரையும் நனைத்தது. 'தண்ணிதான், வேற இன்னா' என்று சொன்ன அண்ணன்களை அவள் மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். இவ்வளவையும் தினமும் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாவிகள்!

அப்போதுதான் மங்கை ஓடி வந்தாள். "எம்மா, தேசப்பனக் காணோம்!"

பவுனம்மாள் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கம்பி ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்கு எம்மாத்திரம்? படுத்திருந்த ஜெயவேல் இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தான். தலை சுற்றியது. மூட்டைகளைத் தாண்டி, ஆட்களைப் பிடித்துப் பிடித்து, "தேசப்பா! தேசப்பா!" என்று கத்திக்கொண்டே கப்பலின் பின்பக்கம் ஓடினான். பவுனம்மாள் முன்பக்கம் ஓடினாள்.

பின்பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து சூடான காற்றும் கரிப்புகையும் எண்ணெய் வாடையும் வந்தன. ஜெயவேலுக்கு அந்த வாடை சொந்த வீட்டு வாடை. பையன் எங்கே போயிருப்பான் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தான். உள்ளே ஏணியின் மேல்படியில், ஒரு ஆளின் மடியில் தேசப்பன் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். கையில் பாதி பிஸ்கோத்து.

"நைனா, இங்கயும் எஞ்சினு கீது! உன்னுதவிடப் பெருசு!"

மடியில் வைத்திருந்தவர் அலி அக்பர், பாய்லருக்குக் கரி போடுகிறவர், தொண்டிக்காரர். "உங்க பையனா? கீழே இறங்கப் பாத்தான். பிடிச்சு உக்கார வச்சேன். அத்தாவும் எஞ்சின் ஓட்டுவார்னு சொல்றான், நிசந்தானா?"

ஜெயவேல் பையனை வாரி அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அடிக்கக் கை ஓங்கினான், முடியவில்லை. முத்தம் கொடுத்தான். பிறகு கீழே பார்த்தான். பெரிய தண்டுகள் எண்ணெய் பளபளக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"கரி எந்த ஊர்து?" என்றான்.

"வங்காளத்துக் கரிதான். ஈரமா வந்துருச்சுன்னா உசிரை வாங்கும்."

"நம்ம யார்டுலயும் அதே பேஜாருதான் பாய்."

பவுனம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பனை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அழத் தொடங்கியதும் அவளும் அழுதாள். பிறகுதான் புருஷனைக் கவனித்தாள். கப்பல் முன்னைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"மாமா, உனக்கு வாந்தி?"

ஜெயவேல் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "அட, ஆமா. எங்க பூட்ச்சு?"

தலைமன்னாரில் இறங்கும்போது செல்லக்கனி பூவம்மாவின் கையில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்தாள். "அடுத்த தரம் தனியா வந்தாலும் எந்திரிச்சு நின்னு பாப்பேன்க்கா" என்றாள். கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போனது. பவுனம்மாள் அந்தத் தலை மறையும் வரை நின்று பார்த்தாள்.

கொழும்பில் ஐந்து நாள். கமாலுதீனின் அண்ணன் மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். காலையில் கீழே கடையில் அப்பம் சுடும் மணத்தில் பிள்ளைகள் எழுந்துகொள்வார்கள். நடுவில் முட்டை உடைத்து ஊற்றிய அப்பமும், கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற தேங்காய்ச் சம்பலும். அதற்கு மேல் செவ்விளநீர். பக்கத்துக் கடை சிங்களக்காரரின் குழந்தைகள் பூவம்மாவைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்பக் கொடுப்பார்கள். ஜெயவேல் மற்ற இரண்டு பிள்ளைகளையும் டிராமில் ஏற்றி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய், இறங்காமல் அதிலேயே திரும்பி வந்தான். டிராம் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவன் கையையே பார்த்தான்.

ஒருநாள் மாலை கடலோரத்துக் காலிமுகத் திடலுக்குப் போனார்கள். கல்யாணப் புடவையை அன்றுதான் பவுனம்மாள் எடுத்துக் கட்டினாள். பிள்ளைகள் புல்லில் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். திடீரென்று மங்கை பந்தை விட்டுவிட்டுக் கத்தினாள்.

"எம்மா! சூரியன் கடலுக்குள்ள போவுது!"

நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. ராயபுரத்தில் கடலிலிருந்து எழுந்து வருவதை மட்டும்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். இங்கே அது சிவந்து, பெருத்து, மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கியது.

"அணைஞ்சிடுமா நைனா?" என்றான் தேசப்பன்.

"அணையாது. காலைல நம்மூருல ஏறும், பாரு."

பவுனம்மாள் ஜெயவேலின் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. இந்த ஊரில் அவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவனும் நகரவில்லை.

திரும்பி வரும்போது கடல் ஆடாமல் கிடந்தது. தனுஷ்கோடி கண்ணுக்குத் தெரிந்தபோது பவுனம்மாள் பூவம்மாவுக்குப் பாலை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளிவாக, "எபா" என்றது.

"இன்னாடி சொன்னே?"

"எபா!"

பக்கத்தில் இருந்த வியாபாரி ஒருவர் சிரித்தார். "சிங்களத்துல 'வேண்டாம்'னு சொல்லுதும்மா."

ராயபுரத்தில் தெருவே அவர்கள் வீட்டில் கூடியது. கெங்கம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, பறக்கிற மீனைப் பற்றி மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டாள். நீலமேகம், "ஆமா, பறக்கும். அதுக்கு இன்னா?" என்றார். "ஏன்பா எனக்கு ஒரு நாளும் ஒழுங்காச் சொல்லல?" என்று பவுனம்மாள் கேட்டதற்கு, "நீ இப்படி வாயப் பொளந்துகினு கேப்பேன்னு தெரிலயே" என்றார். அதன் பிறகு தினமும் கடலிலிருந்து வந்ததும் அன்றைக்கு அங்கே என்ன பார்த்தார் என்பதை மகள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் அவர்கள் கொழும்பிலிருந்து கொண்டுவந்ததில் தெருவில் வேகமாகப் பரவியது பூவம்மாவின் அந்த ஒரு வார்த்தைதான். கெங்கம்மாவின் பேரன் பிடித்துக்கொண்டான், அவனிடமிருந்து எதிர்வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் தெரு முழுக்க. குளிக்கக் கூப்பிட்டால் எபா. விளக்கெண்ணெய் எபா. பள்ளிக்கூடம் எபா. அம்மாக்கள் பவுனம்மாளிடம் சண்டைக்கு வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. ஜெயவேல் இன்னும் பாயை விட்டு எழவில்லை. வாசலில் கமாலுதீன் நின்று, "அண்ணே, நேரமாச்சு, வர்லியா?" என்று குரல் கொடுத்தான்.

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எபா!"